டெண்டரில் கூலிக்கு இடம் எங்கே?

2030ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி ஆமதாபாத்தில் என்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. நடக்கட்டும். நம் பிள்ளைகள் பதக்கம் வாங்கினால் நமக்கும் பெருமைதான். ஆனால் அரங்கத்துக்குக் கல்லும் மண்ணும் சுமக்கப் போகிறவர்கள் யார், அவர்கள் கூலி யார் கை வழியாக வரப்போகிறது என்பதை இப்போதே கேட்டாக வேண்டும். ஆமதாபாத் நமக்கு அந்நிய ஊரல்ல. பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் நம்மவர்கள். மணிநகர்ப் பக்கம் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன.

1982இல் டெல்லியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மேம்பாலங்களும் அரங்கங்களும் எழுந்தன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா என்று பல இடங்களிலிருந்து ஜமாதார்கள் ஆள் பிடித்து வந்தார்கள். சட்டப்படி நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அது ஜமாதார் கைக்குப் போய், தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் கழிந்து, 8 ரூபாய் 25 காசாகத் தொழிலாளிக்கு வந்தது. பெண்களுக்கு 7 ரூபாய்தான் கிடைத்தது என்பது புகார். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதமே வழக்காயிற்று. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பே என்றது சுப்ரீம் கோர்ட். காண்டிராக்டரைக் காட்டி அரசு கைகழுவ முடியாது என்றும் சொன்னது. தீர்ப்பு வந்த நாள் செப்டம்பர் 18. போட்டி தொடங்கியது நவம்பர் 19. கட்டடம் எழும்பிய பிறகு நியாயம் வந்தது!

2010 காமன்வெல்த் போட்டியிலும் அதே கதைதான். தொழிலாளர் நிலையை விசாரிக்க டெல்லி ஹைகோர்ட் ஒரு குழுவைப் போட வேண்டியிருந்தது. இன்னொன்றையும் மறக்க முடியாது. யமுனைக் கரையை ஆக்கிரமித்தார்கள் என்று 2004இல் யமுனா புஷ்தாவின் குடிசைகளை இடித்தார்கள். பிறகு அதே ஆற்றின் வெள்ளப் படுகையில் விளையாட்டு கிராமத்தை எழுப்பினார்கள். குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு, அடுக்குமாடி கட்டினால் வளர்ச்சியா?

இந்த அநியாயத்தின் வேர் டெண்டரில் இருக்கிறது. குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. சிமெண்டும் கம்பியும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. அப்புறம் எதில் குறைப்பார்? நம் கூலியில் குறைப்பார். தங்கும் கொட்டகையில், குடிதண்ணீரில், கழிப்பிடத்தில் குறைப்பார். அவரிடமிருந்து சப்-காண்டிராக்டர், அவரிடமிருந்து மேஸ்திரி என்று இறங்க இறங்க ஒவ்வொருவரும் ஒரு பிடி அள்ளுவார்கள்.

சட்டமும் நம் பக்கம் நெருங்கி வரவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் ஐந்து பேர் இருந்தாலே 1979ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய தொகுப்பில் அது பத்துப் பேராகிவிட்டது. ஒன்பது பேரை வைத்து வேலை வாங்குகிற சில்லறைக் காண்டிராக்டருக்கு இது போதாதா?

ஆகவே கூலித் தொகையைப் போட்டி விலையிலிருந்து பிரித்து, டெண்டரில் தனியாக எழுத வேண்டும். அதில் யாரும் கைவைக்கக் கூடாது. கூலி தொழிலாளியின் வங்கிக் கணக்கில் ஏறியதைக் காட்டினால்தான் காண்டிராக்டரின் பில் பாஸாக வேண்டும். ஜல்லியும் மணலும் தண்ணீரும் எங்கிருந்து வருகின்றன என்ற கணக்கும் அதே டெண்டரில் இருக்கட்டும். ஆற்றைச் சுரண்டினால் முதலில் தவிப்பது கரையோரத்துக் குடிசைதான்.

டெண்டர் கைமாறிய பிறகு கூச்சல் போட்டுப் பயனில்லை; கோரிக்கை மனு இப்போதே போக வேண்டும். குஜராத்துக்கு ஆள் எடுக்கிறோம் என்று மேஸ்திரி யாராவது உங்கள் பகுதிக்கு வந்தால் அவர் பெயர், காண்டிராக்டர் பெயர், பேசிய கூலி, கொடுத்த முன்பணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துச் சங்கத்தில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.