கிணற்றடிக் கல்வாழை

கல்வாழைக்குத் திருவனந்தபுரத்தைப் போல வாய்த்த ஊர்கள் குறைவு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தச் செடிக்கு வேண்டியவை வெயில், ஈரம், கொஞ்சம் எரு. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாமழை என ஆண்டுக்கு இருமுறை நனையும் இந்த ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வெட்டுக்கல் கலந்த செம்மண்ணில் மட்டும் மட்கிய சாணம் தாராளமாக வேண்டும். இரண்டு மூன்று முளைக்கண் உள்ள கிழங்குத் துண்டை நான்கு விரல் ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் வைத்தால் போதும். கிணற்றடியிலும் பாத்திரம் கழுவிய நீர் ஓடும் வாய்க்கால் ஓரத்திலும் அது தழைப்பதைப் போலத் தொட்டியில் தழைப்பதில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நாணல் படுகைகளில் இதையும் நடுவது அதனால்தான். பூவை அருகில் பார்த்தால் ஒரு வேடிக்கை: சிவப்பும் மஞ்சளுமாக விரிந்திருப்பவை இதழ்களல்ல, அகன்று மலடாகிப்போன மகரந்தத் தாள்கள். உண்மையான இதழ்கள் ஒடுங்கி, அடியில் கண்ணில் படாமல் நிற்கின்றன. ஒரு பூ ஓரிரு நாளில் வாடினாலும் அதே தண்டில் அடுத்த மொட்டு காத்திருக்கும். பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு வெட்டுவதுதான் முக்கிய வேலை; பலர் செய்யத் தவறுவதும் அதையே. இலையைச் சுருட்டித் தைத்து உள்ளே ஒளியும் புழுவுக்கு மருந்து எதற்கு? சுருளைப் பிரித்து நசுக்கினால் தீர்ந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் புதர் நெருங்கிப் பூ சிறுக்கும். அப்போது கிழங்கைத் தோண்டிப் பிரித்து மறுபடி நட வேண்டும், மிஞ்சியது அண்டை வீட்டுக்கு.