இடப்பக்கச் சன்னல்



ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், ஜனவரியில் அம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் செல்கிறேன். சன்னலோர இருக்கைதான் வேண்டும் என்கிறார். எந்தப் பக்கம் பதிவு செய்யட்டும்?" என்று கேட்டார்.

மத்ரஸா ஆசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று நீங்கள் நகைக்கலாம். நானும் நகைத்தேன். காரணத்தைக் கேட்டதும் என் நகைப்பு அடங்கிற்று. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே அவ்வம்மையாரின் தந்தை உழுத நிலம் பல ஆண்டுகளுக்கு முன் தொழிற்பேட்டைக்காக எடுக்கப்பட்டது. இன்று சாலையில் நின்று பார்த்தால் மதிற்சுவர் மட்டுமே தெரியும். "மேலேயிருந்து பார்த்தால் தெரியாமலா போகும்?" என்பது அவரது எண்ணம்.

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உங்களுக்கும் பயன்படலாம்.

விமானங்கள் காற்றை எதிர்த்தே இறங்கும். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக, சற்றே சாய்ந்து கிடக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் கடற்பக்கமிருந்து இறங்குவார்கள். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து வருவார்கள். அவ்வாறு வரும் வழி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் நடுவே அமைகிறது. இடப்பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரும், அதை அடுத்து 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியும் தெரியும். வலப்பக்கத்தில் ஒரகடம். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், வடக்கு நோக்கிய இடப்பக்கத்தில் கண் கூசுவதில்லை. 'ஏ' என்ற எழுத்துடைய இருக்கையே இடப்பக்கச் சன்னல்.

நடு வரிசைகளில் இறக்கை தரையை மறைத்துவிடும். இயந்திரத்திற்குச் சற்றுப் பின்னால் அமர்ந்தால் வெப்பக் காற்றில் காட்சி நடுங்கும். எனவே இறக்கைக்கு நன்கு முன்னால் அமர்வதே சிறப்பு. சில வரிசைகளில் சன்னல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சுவரே இருக்கும். அதையும் முன்னதாக விசாரித்துக்கொள்க. முழங்கால் வலியுள்ள முதியவர் அடிக்கடி எழ நேரும். ஆதலால் பக்கத்து இருக்கையில் மகனே அமரவேண்டும் என்றேன்.

"காற்று நம் கையில் இல்லை. காட்சி கிடைப்பது அல்லாஹ்வின் நாட்டம்" என்றும் சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்ததும் ஜம்ஜம் நீரும் பேரீச்சம் பழமுமாக இருவரும் என் இல்லத்திற்கு வந்தனர். விமானம் காலையில், மேற்கிலிருந்தே இறங்கியிருந்தது. நிலம் தெரிந்ததா என்று கேட்டேன்.

"நிலம் ஏது ஹஜ்ரத்? எல்லாம் வெள்ளைக் கூரை. ஆனால் ஏரிக்கரை வளைந்தபடி அப்படியே கிடக்கிறது. அந்த வளைவை வைத்து எங்கள் வயலைக் கண்டுபிடித்துவிட்டேன். என் அத்தா ஏற்றம் இறைத்த இடம் அதுதான் என்று இவனுக்கும் காட்டினேன்" என்றார் அம்மையார்.

மகன் தலை கவிழ்ந்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஹஜ்ரத், ஒன்பது ஆண்டுகளாகக் கம்பெனிப் பேருந்தில் அந்தச் சுவரை ஒட்டித்தான் போய் வருகிறேன். அது என் பாட்டனாரின் நிலம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்."

அன்புக்குரியவர்களே! அந்தப் பிள்ளை தாய்க்கு ஒரு குறையும் வைத்தவர் அல்லர். மாதந்தோறும் ஊதியத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பவர். ஆனால் தாய் சொல்ல விரும்பியதைக் கேட்க, வானத்தில் அரைமணி நேரம் பக்கத்தில் அமரவேண்டியிருந்தது.

நம் வீடுகளிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எந்த வயல், எந்தக் கிணறு, எந்தக் கரை என்று அவர்கள் நெஞ்சில் ஒரு வரைபடம் இருக்கிறது. அதைக் காண விமானச் சீட்டு வேண்டியதில்லை. இன்றிரவு இஷா தொழுகைக்குப் பின் அவர்கள் அருகே அமர்ந்து கேளுங்கள்.