ஆறுமுகத்தின் நீண்ட கைகள்

அறுபதைத் தாண்டிய ஒரு சிலாங்கூர்க்காரரிடம் '1980, கொரியா ஆட்டம்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். தே தாரிக் ஆறிப்போகும். அவர் நிறுத்த மாட்டார். ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, மெர்டேக்கா அரங்கம். "நான் அங்கேதான் இருந்தேன்" என்பார். அப்படிச் சொல்கிற எல்லாரையும் இன்று ஒன்றாகக் கூட்டினால் மெர்டேக்கா அரங்கம் போதாது, புக்கிட் ஜாலிலைத் திறந்துவிட வேண்டியிருக்கும். பரவாயில்லை. அன்று வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் அங்கே இருந்தவர்கள்தான்.

மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் அது. தென் கொரியாவை மலேசியா 2-1 என வீழ்த்தியது. சுல்கிஃப்லி ஹம்சா ஒரு கோல். வெற்றி கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஹசான் சானி. இருவருமே சபாக்காரர்கள். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். அவர்களுக்குப் பின்னால், கோல் கம்பங்களுக்கு நடுவே, நம் ஆறுமுகம்.

இந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைகள்தான். அந்த நீளத்துக்காகவே 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். போர்ட் கிள்ளான் பிள்ளை. 1953இல் அவர் பிறந்தபோது ஊருக்குப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று பெயர். சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவர்தான் கோல் காவலர். தேசிய அணிக்காக மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். சிங்கப்பூரோடு மலேசியக் கிண்ண இறுதியாட்டம் என்றால் அந்தக் காலத்தில் ஊரே இரண்டுபடும். 1978இல் 4-2, 1979இல் 2-0 என்று சிலாங்கூர் வென்றது. 1980இல் சிங்கப்பூர் 2-1 என்று பழிதீர்த்தது. மறு ஆண்டே சிலாங்கூர் 4-0 என்று திருப்பிக் கொடுத்தது. கிள்ளானில் வளர்ந்த பிள்ளைகள் வாய்ப்பாட்டைவிட இந்த எண்களைத்தான் நன்றாக ஒப்பித்தார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது கோல் காவலர் காலாலும் ஆட வேண்டும், பத்து பேருக்குப் பந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். அன்று அப்படியில்லை. தன் அணிக்காரர் பின்னால் தட்டிவிடும் பந்தைக் கையால் எடுக்கலாம். அந்தச் சலுகை 1992இல்தான் போனது. எல்லாம் கைதான். மூலையை நோக்கிப் போகிற பந்தை, போய்விட்டது என்று நாம் தலையில் கைவைத்த பிறகு, எங்கிருந்தோ ஒரு கை வந்து தட்டிவிடும். திரும்பிப் பார்க்கக் கைப்பேசி கிடையாது. கண் இமைத்தவன் பக்கத்தில் இருப்பவனைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்துக்காரர் சொன்னதுதான் நாற்பது ஆண்டுகளாக வளர்ந்துகொண்டே வருகிறது.

சரி, கொரியாவை வென்றோம். மாஸ்கோவுக்குப் போனோமா? இல்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அதில் ஒன்று. நம் இடத்தில் ஈராக் போனது. போய்க் காலிறுதி வரை ஆடியது! அரசாங்கத்தின் முடிவு சரியா தவறா என்று ஒட்டுக்கடையில் இன்றும் வாதம் நடக்கும். என் கருத்தைக் கேட்டால், கொள்கை சரியாகவே இருக்கட்டும். அந்தப் பதினொரு பேருக்கு அது ஈடாகாது. 1972இல் மியூனிக் போய் அமெரிக்காவை 3-0 என்று வென்றது மலேசிய அணி. எம். சந்திரன் அந்த அணியில் இருந்தார். ஆறுமுகத்துக்கு அந்த மேடை வாய்க்கவே இல்லை. 1988 டிசம்பரில் ஒரு கார் விபத்து. வயது 35.

அந்தச் செய்தி வந்த நாளைப் பற்றி மட்டும் பெரியவர்கள் அதிகம் பேசுவதில்லை. கோல்களை மணிக்கணக்கில் பேசுபவர்கள், அந்த இடம் வந்ததும் "ஹ்ம், நல்ல மனுஷன்" என்று முடித்துக்கொள்கிறார்கள்.

இளையவர்களுக்கு வேறொரு டிசம்பர் இருக்கிறது. 2010. ஆசியான் வெற்றியாளர் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று உதை வாங்கினோம். பயிற்றுநர் கே. ராஜகோபாலை ஊரே திட்டியது. முந்தைய ஆண்டுதான் அவர் வியந்தியானில் வியட்நாமை 1-0 என்று வென்று, இருபது ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு சீ விளையாட்டுப் போட்டித் தங்கத்தைக் கொண்டுவந்திருந்தார். அதை யார் நினைத்தார்கள்? அதே மாதம் 26ஆம் தேதி, அதே இந்தோனேசியா, புக்கிட் ஜாலிலில் 3-0. சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் தொடக்கத்திலேயே எதிரணிக்குப் பெனால்டி. கைருல் ஃபாஹ்மி அதைத் தடுத்தார். 2-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2, கிண்ணம் நமக்கு. 31ஆம் தேதி நாடு முழுவதும் பொது விடுமுறை. ராஜகோபாலும் எழுபதுகளில் சிலாங்கூருக்குக் கோல் அடித்த ஆட்டக்காரர்தான் என்று அன்று பல பிள்ளைகளுக்கு அப்பாக்கள் சொல்லித்தான் தெரிந்தது.

2016இல் 'ஓலா போலா' படம் வந்தபோதும் இதுதான் நடந்தது. 1980 அணியை வைத்துப் புனைந்த கதை அது. கோல் காவலர் பெயர் முத்து. திரையரங்கில் பெரியவர்கள் "அது முத்து இல்லைடா, ஆறுமுகம்" என்று பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளைகளிடம் முணுமுணுத்தார்கள். படத்தில் எது உண்மை, எது கற்பனை என்று வீடு வரும்வரை விளக்கம் வேறு.

அப்படி விளக்கம் சொல்ல ஆள் இருக்கிற வீடுகள் குறைந்து வருகின்றன. வெறும் பெருமைக்காக நான் இதை எழுதவில்லை. அன்று தோட்டத்துக்கு ஒரு திடல், திடலுக்கு ஓர் அணி. மாலையில் பால்வெட்டு முடித்து வந்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பந்தைத் துரத்துவார்கள். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. நாம் அடுக்குமாடிகளுக்கு வந்தோம். திடல் கார் நிறுத்துமிடமானது. இப்போது பந்து உதைக்க மணிக்கணக்கில் வாடகை கட்டும் ஃபுட்சால் கூடம்தான். 2010 அணியில் எஸ். குணாளன் இருந்தார். அவருக்குப் பிறகும் நம் பிள்ளைகள் வராமல் இல்லை. ஆனால் எண்ணிச் சொல்ல விரல்கள் போதும்.

திடலை நாளைக்கே மீட்க முடியாது. ஆனால் உங்கள் பெரியப்பாவிடமோ தாத்தாவிடமோ பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். அதில் வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டு, அணிப் படம், கிழிந்த நுழைவுச் சீட்டு இருக்கலாம். இந்த ஞாயிறு அதைத் திறக்கச் சொல்லுங்கள். படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள், ஆண்டையும் சேர்த்து. கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கோலின் நிமிடத்தில் இரண்டு மூன்று கூடக்குறைய வரும். திருத்த வேண்டாம், முதலில் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும்.