விதி ஆட்டக்காரருக்கு, விலக்கு முதலாளிக்கா?

சென்னைக் கால்பந்து ரசிகர் சங்கத்தின் கண்டன அறிக்கை
24 நவம்பர் 2025

வழக்கமான ஆண்டாக இருந்தால் இந்நேரம் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சீசனில் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும். பெரியமேடு நேரு விளையாட்டரங்கின் வாசலில் நீலச் சட்டை விற்பவர்களும் மத்தளக்காரர்களும் போக்குவரத்துக் காவலருடன் மல்லுக்கு நின்றிருப்பார்கள். இந்த சீசனில் ஒரு லீக் ஆட்டம்கூட நடக்கவில்லை. எப்போது நடக்கும் என்று சொல்ல நாட்டில் ஒருவருக்கும் வாயில்லை. இந்த நிலைக்கு இந்தியக் கால்பந்தைக் கொண்டுவந்த அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தையும், லீகை நடத்தும் எப்எஸ்டிஎல் நிறுவனத்தையும், இவ்வளவு காலம் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்த அணி முதலாளிகளையும் எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

இது திடீரென்று வந்த வெள்ளமல்ல. 2010 டிசம்பரில் சம்மேளனம் ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. அந்த உரிமையின் மீதுதான் 2014-ல் ஐஎஸ்எல் பிறந்தது. ஒப்பந்தம் வரும் டிசம்பர் 8-ம் தேதி முடிகிறது என்பது கையெழுத்துப் போட்ட அன்றே இரு தரப்புக்கும் தெரியும். அப்படியிருந்தும், கடந்த ஜூலை 11 அன்று, புதிய ஒப்பந்தம் இல்லாததால் சீசனை நிறுத்தி வைப்பதாக, அந்த உரிமையைக் கையில் வைத்திருக்கும் எப்எஸ்டிஎல் கை விரித்தது. உச்ச நீதிமன்றத்தில் சம்மேளனத்தின் சட்டவிதிகள் பற்றிய வழக்கு நிலுவையில் இருந்ததால் பேச்சுவார்த்தை நடத்த முடியவில்லை என்பது சம்மேளனத்தின் விளக்கம். அந்த வழக்கு 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தொடங்கி இழுபட்டு வந்தது. எட்டு ஆண்டு இழுபறிக்குச் சம்மேளனமே ஒரு தரப்பாக இருந்துவிட்டு, அதையே சாக்காகச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை.

பிறகு நடந்ததும் எல்லோரும் பார்த்ததுதான். ஆகஸ்டில் பெங்களூரு எப்.சி. வீரர்கள், பணியாளர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. நம் சென்னையின் எப்.சி. அணியும் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. செப்டம்பர் 19-ல் உச்ச நீதிமன்றம் சட்டவிதிகளுக்கு ஒப்புதல் தந்தது. அக்டோபர் 16-ல் லீகின் வணிக உரிமைக்குச் சம்மேளனம் டெண்டர் விட்டது. நவம்பர் 7 வரை ஒருவர்கூட விண்ணப்பம் போடவில்லை. சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்கள் கூடி, நாங்கள் ஆட வேண்டும், எப்படியாவது வழி செய்யுங்கள் என்று பொதுவெளியில் கெஞ்ச வேண்டியதாயிற்று. இதற்கிடையே தேசிய அணி அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. போன வாரம் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றது. ஆட்டமில்லாத ஆட்டக்காரரை அனுப்பிவிட்டு வெற்றியை எதிர்பார்த்தவர்களின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

இந்த அறிக்கையை நாங்கள் எழுதுவது நின்றுபோன சீசனுக்காக மட்டும் அல்ல. சீசன் நாளையே தொடங்கினாலும் தீராத கோளாறு ஒன்று இந்த லீகில் இருக்கிறது. விதி என்ற ஒன்று ஆட்டக்காரரையும் பயிற்சியாளரையும் கண்டால் இறுகுகிறது. முதலாளியைக் கண்டால் இளகுகிறது.

2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா அரங்கம். பெங்களூரு எப்.சி.க்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் நாக்-அவுட் ஆட்டம். 90 நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 96-வது நிமிடத்தில், பெனால்டி பெட்டிக்கு வெளியே பெங்களூருவுக்கு ப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் வீரர்கள் சுவர் கட்டி முடிக்கவில்லை, கோல்கீப்பர் தன் இடத்தில் இல்லை. சேத்ரி பந்தை வலைக்குள் தட்டிவிட்டார். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டே உதைத்ததாக அவர் பிறகு சொன்னார். ரெஃப்ரி கிரிஸ்டல் ஜான் நம் தமிழ்நாட்டுக்காரர். கோல் என்றார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் கோட்டருகே வந்து கையசைத்துத் தன் வீரர்களை வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

விரைவாக ப்ரீ கிக் எடுக்க விதி இடம் தருகிறது. ஆட்டத்தை விட்டு வெளிநடப்புச் செய்ய விதி இடம் தரவில்லை. இந்த இரண்டிலும் எங்களுக்குள் பெரிய சண்டையில்லை (சிறிய சண்டை உண்டு, எங்கள் உறுப்பினர்களில் இரண்டு பேர் அந்தக் கோல் செல்லாது என்று இன்னமும் சத்தியம் செய்கிறார்கள்). ரெஃப்ரி என்ன சைகை காட்டினார் என்பதுதான் கேள்வி. அதைத் திருப்பிப் பார்க்க வீடியோ நடுவர் வசதி அன்று இல்லை, ஐஎஸ்எல்லில் இன்று வரை வரவும் இல்லை. கோடிகளை ஏலத்தில் பேசும் லீக், ஒரு சைகையைத் திரும்பிப் பார்க்கக் கருவி வைக்கவில்லை. அதன் விலையை ரெஃப்ரி என்ற அந்த ஒற்றை மனிதர் கொடுத்தார். இணையத்தில் அவரையும் அவர் வீட்டாரையும் ஏசியவர்களையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

தண்டனை என்ன ஆனது? பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பொதுமன்னிப்பு. கேட்க மறுத்தால் 6 கோடி. பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். மன்னிப்பும் கேட்டார்கள். மேல்முறையீடு தள்ளுபடியானது. அந்த ஜூன் மாதமே பிளாஸ்டர்ஸ் நிர்வாகம் தன் மகளிர் அணியைத் தற்காலிகமாக நிறுத்தியது, அதற்கு இந்த அபராதத்தையும் ஒரு காரணமாகச் சொன்னது. வெளிநடப்புச் செய்தவர் ஆண்கள் அணியின் பயிற்சியாளர். பூட்ஸைக் கழற்றி வைத்தவர்கள், அன்று கண்டீரவா பக்கமே போகாத பெண்கள். தண்டனைத் தொகையை எழுதிய குழுவும் இதை யோசிக்கவில்லை, மகளிர் அணியை முதல் செலவுக் குறைப்பாக எண்ணிய முதலாளியும் யோசிக்கவில்லை. இரு தரப்பையும் கண்டிக்கிறோம்.

இனி வேறொரு கதை. 2015 டிசம்பர் 20, கோவாவின் பதோர்டாவில் ஐஎஸ்எல் இறுதிப் போட்டி. சென்னைக்காரர் யாரும் மறக்க முடியாத இரவு. கடைசி நிமிடம் வரை 2-1 என்று பின்தங்கியிருந்த நம் அணி, கோவா கோல்கீப்பரின் கை பட்டு வந்த சுய கோலாலும், மெண்டோசா அடித்த கோலாலும் 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் கைகலப்பு. கோவா இணை உரிமையாளரின் புகாரில் நம் வீரர் எலானோ கைதாகி ஜாமீனில் வந்தார். கோவா அணி பரிசளிப்பு விழாவைப் புறக்கணித்தது. விசாரித்த ஆணையம் 11 கோடி ரூபாய் அபராதம், அடுத்த சீசனில் 15 புள்ளிக் குறைப்பு, உரிமையாளர்களுக்கு சீசன் கணக்கில் தடை என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் புள்ளிக் குறைப்பு போயிற்று, உரிமையாளர் தடை போயிற்று, அபராதமும் குறைந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைவது தவறல்ல, அதற்காகத்தான் மேல்முறையீடே. குறைகிற தண்டனை எப்போதும் ஒரே பக்கத்து ஆட்களுக்கே குறைகிறதே, அதுதான் உறுத்துகிறது.

அன்வர் அலி விவகாரத்தை இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். 2024-ல் அவர் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது, சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழு அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. கூடவே அவர், ஈஸ்ட் பெங்கால் உள்ளிட்ட மூன்று தரப்புமாக மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் குழு அந்த உத்தரவையே திரும்பப் பெற்றது. ஒரு இளைஞனின் பிழைப்பில் கை வைக்கும் உத்தரவை, நீதிபதி கேள்வி கேட்டதும் சுருட்டி எடுத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் எழுதுவார்களா?

ஐஎஸ்எல்லுக்கு அடுத்த படியான ஐ-லீகின் கோப்பைக்கு இந்த ஆண்டு நடந்தது இன்னும் கேவலம். ஆடத் தகுதியில்லாத வீரரை நாம்தாரி அணி இறக்கியது என்ற புகாரில் தொடங்கி, எதிரணியான இன்டர் காசிக்கு ஒரு குழு புள்ளி கொடுக்க, இன்னொரு குழு பிடுங்க, கடைசியில் சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என்று அறிவித்து ஏப்ரல் இறுதியில் கோப்பையையும் கொடுத்துவிட்டார்கள். அதற்குச் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் தடை விதித்திருந்தது. ஜூலை 18-ல் அந்த மன்றம் இன்டர் காசியே சாம்பியன் என்றது. லீக் முடிந்து மூன்று மாதம் கழித்து, ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த தாளைப் படித்துத்தான் இந்திய ரசிகன் அந்த லீகின் சாம்பியன் யார் என்று தெரிந்துகொண்டான்.

அணி உரிமைக்கு வருவோம். 2019-ல் டெல்லி டைனமோஸ் அணியைப் புவனேஸ்வருக்குக் கொண்டுபோய் ஒடிசா எப்.சி. ஆக்கினார்கள். அதே ஆண்டு புனே சிட்டி கலைந்து அதன் இடத்தில் ஹைதராபாத் எப்.சி. வந்தது. ஹைதராபாத் 2022-ல் கோப்பையை வென்றது. பிறகு சம்பள பாக்கியில் வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். இந்த ஆண்டு அந்த அணி டெல்லிக்குப் பெயர்ந்து ஸ்போர்டிங் கிளப் டெல்லி ஆகிவிட்டது. டெல்லி ரசிகனிடம் பறித்து ஒடியா ரசிகனுக்கு, ஹைதராபாத் ரசிகனிடம் பறித்து டெல்லி ரசிகனுக்கு. வாடகை வீடு மாற்றுவதற்குக்கூட நாம் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கிறோம்.

தமிழ்நாட்டின் காயம் வேறு மாதிரி. சென்னை சிட்டி எப்.சி. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் சாம்பியன் ஆனது. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்து கோல் மழை பொழிந்த பெட்ரோ மான்சி, அவர்களோடு நம் ஊர்ப் பையன்கள். உலகின் எந்த ஒழுங்கான நாட்டிலும் அந்த வெற்றி ஒரு படி மேலே ஏற்றியிருக்கும். இங்கே ஐஎஸ்எல் கதவு மூடியே இருந்தது. பணம் கட்டியவனுக்கு இடம், ஜெயித்தவனுக்குக் கைதட்டல். சுவிஸ் நாட்டு எப்.சி. பேசல் பங்கு வாங்கியும் அணி நிலைக்கவில்லை. 2021-க்குப் பிறகு அது தேசிய லீகில் இல்லை. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலேறும் வழி 2023-ல்தான் திறந்தது. கீழே இறங்கும் வழி இன்றுவரை திறக்கவே இல்லை. கடைசி இடத்தில் முடித்த முதலாளியும் அடுத்த ஆண்டு அதே நாற்காலியில் உட்காரலாம் என்றால், அவர் எதற்காக அணியை வளர்ப்பார்?

ரசிகன் குரல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2020-ல் மோகன் பகானின் பெயருக்கு முன்னால் ஏடிகே என்று ஒட்டியபோது, அந்த மூன்றெழுத்தை நீக்கக் கோரி கொல்கத்தா ரசிகர்கள் மூன்று ஆண்டு விடாமல் நின்றார்கள். 2023 மார்ச்சில் கோப்பை வென்ற இரவில் முதலாளியே அதை நீக்குவதாக அறிவித்தார். ஜெர்மனியில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் கிளப் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. ஓரிரு கிளப்புகளுக்கு மட்டும் விலக்கு. 2024 தொடக்கத்தில் லீக் ஒரு முதலீட்டாளரைத் தேடியபோது ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பந்து வீசச் சொல்லி யாரையும் நாங்கள் தூண்டவில்லை. 2022 செப்டம்பரில் நம் சம்மேளனத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது மொத்தம் 34 ஓட்டு, 33-க்கு 1 என்ற கணக்கில். டிக்கெட் வாங்கும் கூட்டத்துக்கு அதில் அரை ஓட்டும் கிடையாது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

எனவே நாங்கள் கோருவது இவை. லீகின் அடுத்த ஒப்பந்தம் எவருடன் போடப்பட்டாலும் அதன் முழு வாசகமும் வெளியிடப்பட வேண்டும். அது முடியும் தேதிக்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே பேச்சுவார்த்தை தொடங்கும் என்பது அதிலேயே எழுதப்பட வேண்டும். சீசன் நின்றாலும் வீரர், பயிற்சியாளர், பிசியோ, உடை மேலாளர், மைதானப் பணியாளர் சம்பளத்துக்கு ஒவ்வொரு முதலாளியும் வங்கி உத்தரவாதம் கட்டியிருக்க வேண்டும். அது இல்லாதவருக்கு உரிமம் கூடாது. அணியை வேறு ஊருக்குப் பெயர்க்கவோ பெயர் மாற்றவோ பதிவு பெற்ற ரசிகர் அமைப்புகளின் ஒப்புதல் வேண்டும். கடைசி இடத்துக்கு இறக்கம் வேண்டும், அது நம் சென்னையின் எப்.சி.யாகவே இருந்தாலும். வீடியோ நடுவர் வசதி முதல் ஆட்டத்திலிருந்தே வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் ஒவ்வொரு தீர்ப்பும் காரணத்துடன் வெளியிடப்பட வேண்டும். ஒருவர் செய்த பிழைக்கான அபராதத்தை மகளிர் அணியிலோ இளையோர் அணியிலோ கழித்துக்கொள்ளும் கிளப்பின் உரிமம் பறிக்கப்பட வேண்டும்.

வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் இன்று மாலையும் பயிற்சி நடக்கும். அந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டு ஐஎஸ்எல் வரை போனவர்கள் உண்டு. அவர்களின் தம்பிகளுக்கு மேலே ஏறப் படியே இல்லாமல் போனால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறார்கள்.

ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய நாளான டிசம்பர் 7, ஞாயிறு மாலை 4 மணிக்கு நேரு விளையாட்டரங்கின் பிரதான வாயில் முன் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்துகிறோம். காவல் துறையிடம் அனுமதிக்கு மனு கொடுத்துள்ளோம். எந்த அணியின் சட்டை அணிந்தும் வரலாம். கேரளா, பெங்களூரு நண்பர்களும் வரலாம். மத்தளம் உண்டு, பட்டாசு கூடாது. கோரிக்கைகளின் நகல் இன்றே பதிவுத் தபாலில் சம்மேளனத்துக்கும், மத்திய விளையாட்டுத் துறை அமைச்சகத்துக்கும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் அனுப்பப்படுகிறது.

இவண்,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்