கோடீசுவரர் கையில் கஜானாச் சாவி

“சொந்தத்தில் நாலு காசு சேர்க்கத் தெரிந்தவன்தான் ஊர்ப் பணத்தையும் ஒழுங்காகக் காப்பாற்றுவான், ஏற்கெனவே வயிறு நிறைந்தவன் திருடமாட்டான்” என்று ஒரு வாதம் திண்ணை முதல் சட்டசபை வரை நடமாடுகிறது. பணக்காரன் வோட்டுக் கேட்டு வரும்போதெல்லாம் இந்த வாதமும் அவன் வண்டியில் கூடவே ஏறிக்கொண்டு வருகிறது. சாமியார் சொன்னால் மாத்திரந்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாதா? முதலாளி சொன்னாலும் பரீட்சை செய்து பார்ப்பதுதானே பகுத்தறிவு? அதற்கு ஏற்ற உதாரணம், அமெரிக்காவில் 1921 முதல் 1932 வரை பொக்கிஷ மந்திரியாக இருந்த ஆண்ட்ரூ மெல்லனின் சரித்திரம்.

மெல்லன் 1855ல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தகப்பனார் நீதிபதி, பாங்கி முதலாளி. 1882ல் பாங்கி மகன் கைக்கு வந்தது. ஆகவே “ஒன்றுமில்லாமல் வந்து உயர்ந்தார்” என்ற புராணத்திற்கு இங்கே இடமில்லை. ஆனால் மனிதர் கெட்டிக்காரர். கடன் கேட்டு வந்தவனிடம் வட்டியோடு நிற்காமல் தொழிலில் பங்கையும் வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். அப்படித்தான் அலுமினியக் கம்பெனி அவர் குடும்பத்தின் பிடிக்குள் வந்தது. கல்ப் எண்ணெய்க் கம்பெனியும் அந்தக் குடும்பத்தினுடையதே.

அமெரிக்காவில் 1789லேயே ஒரு சட்டம் செய்திருந்தார்கள். பொக்கிஷத்தைக் காப்பவர் வியாபாரத்தில் ஈடுபடக்கூடாது என்பது அது. மெல்லன் என்ன செய்தார்? கம்பெனிகளின் டைரக்டர் பதவிகளை யெல்லாம் ராஜிநாமா செய்தார். பாங்கிப் பங்குகளைத் தம் சொந்தத் தம்பிக்கே விற்றார். மற்றக் கம்பெனிப் பங்குகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். நாற்காலியை விட்டார், பெட்டியை விடவில்லை. 1922ல் வந்த சுங்கச் சட்டத்தில் வெளிநாட்டு அலுமினியத்தின் மேல் வரி ராத்தலுக்கு 2 செண்டிலிருந்து 5 செண்டாக ஏறிற்று. அப்போது அந்த நாட்டில் அலுமினியம் உருக்கி எடுத்தது அந்த ஒரே கம்பெனிதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று. மதுவிலக்கை அமல் நடத்தும் இலாகா அந்த நாளில் பொக்கிஷ மந்திரியின் கீழ் இருந்தது. அந்த மந்திரிக்கே 1925 வரை ஓவர்ஹோல்ட் என்ற விஸ்கிக் கம்பெனியில் பங்கு இருந்தது! கள்ளுக்கடைக் குத்தகைதாரனுக்கே மதுவிலக்கு அதிகாரி வேலை கொடுத்தால் நம் ஊரில் சின்னப் பையன்களும் சிரிப்பார்கள்.

இனி வரிக்கு வருவோம். அவர் பதவிக்கு வந்தபோது பெருங் கோடீசுவரர்களின் வருமானத்தில் மேல்படி வரி நூற்றுக்கு 73. 1925ல் அது 25. செத்தவர் சொத்தின் மேல் விதித்த வரியை 1926ல் 40லிருந்து 20 ஆக்கினார்கள். அதே வருஷம் அன்பளிப்பு வரியை அடியோடு எடுத்தார்கள். சிறு வருமானக்காரருக்கும் வரி குறைந்ததென்பதும், நாட்டுக் கடன் சுமார் 2,400 கோடி டாலரிலிருந்து 1,600 கோடியாக இறங்கிற்றென்பதும் உண்மையே. இவற்றை மறைக்க நமக்கு அவசியமில்லை. ஆனால் அந்த நாட்டிலேயே பெரும் பணக்காரர் சிலரில் ஒருவர், பெரும் பணக்காரர் எவ்வளவு வரி கட்டவேண்டும் என்று யோசனை சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருந்தாரே, அதற்கு என்ன சமாதானம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பட்ட பாட்டையும் கேளுங்கள். ஜேம்ஸ் கசன்ஸ் என்பவர் போர்டு மோட்டார் கம்பெனியில் பங்காளியாக இருந்து பெரும் பணம் சேர்த்து, பிறகு செனட் மெம்பரானவர். வியாபாரிகள் எல்லோரும் ஒன்றல்ல. அவர் தலைமையில் வரி இலாகாவை விசாரிக்க ஒரு கமிட்டி ஏற்பட்டது. மெல்லனுக்குச் சம்பந்தப்பட்ட கம்பெனிகளுக்கும் மற்றப் பெரிய கம்பெனிகளுக்கும் கிடைத்த வரிச் சலுகைகளை அது கிளறிற்று. உடனே என்ன நடந்தது? கசன்ஸ் 1919ல் விற்ற பங்குகளுக்கு இன்னும் சுமார் ஒரு கோடி டாலர் வரி கட்டவேண்டும் என்று 1925ல் வரி இலாகா அவருக்கே நோட்டீஸ் அனுப்பிற்று! 1928ல் தீர்ப்பு வந்தது: கசன்ஸ் பாக்கிக்காரர் அல்ல, சர்க்கார்தான் அவருக்கு 9 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தரவேண்டும். கோடீசுவரராக இருந்ததால் அவர் வக்கீல் வைத்து வழக்காடினார். ஒரு பெட்டிக்கடைக்காரர் அந்த இடத்தில் இருந்திருந்தால்?

1929ல் வியாபாரம் சரிந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் வேலை இழந்து கஞ்சித் தொட்டி முன் நின்றார்கள். சரிவதெல்லாம் சரிந்து தானே அடங்கட்டும் என்பதே மெல்லனின் யோசனை என்று அப்போது பிரசிடெண்டாயிருந்த ஹூவரே பிற்காலத்தில் எழுதி வைத்தார். அந்த 1930, 31லேயே மெல்லன் ருஷியாவின் ஹெர்மிடேஜ் காட்சிசாலையிலிருந்து 21 படங்களைச் சுமார் 66 லட்சம் டாலருக்கு வாங்கினார். கடவுள் இல்லை என்ற சர்க்கார் கன்னி மேரி படத்தை விற்றது. வேலை இல்லாதோர் நாட்டின் மந்திரி வாங்கினார். அவற்றில் ஐந்தைத் தம் தர்ம டிரஸ்டுக்குக் கொடுத்ததாகக் காட்டி, வருமானத்தில் சுமார் 32 லட்சம் டாலரைக் கழித்துக்கொண்டார்.

1932 ஜனவரியில் பாட்மன் என்ற காங்கிரஸ் சபை மெம்பர் அந்தப் பழைய 1789ம் வருஷச் சட்டத்தைக் காட்டி மந்திரியை விசாரணைக்கு இழுத்தார். பிப்ரவரியில் ஹூவர் அவரை லண்டனுக்கு ஸ்தானிகராக அனுப்பினார். விசாரணை அதோடு நின்றது.

பின்னால் ரூஸ்வெல்ட் சர்க்கார் போட்ட வரி வழக்கில், மெல்லன் இறந்து சில மாதங்கள் கழித்து 1937 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. மோசடி இல்லை, படக் கழிவும் செல்லும் என்றார்கள்; கணக்கு வித்தியாசத்திற்கு மாத்திரம் ஒரு தொகை கட்டச் சொன்னார்கள். அப்படியே இருக்கட்டும். அவர் சட்டத்தை மீறினார் என்பது நம் வழக்கல்ல. சட்டப்படியே நடந்தார் என்பதுதான் நம் வழக்கு. அந்த வரிச் சட்டங்கள் அவர் மேஜையிலிருந்து கிளம்பியவை அல்லவா?

“ஆனாலும் தர்மம் செய்தாரே!” என்பார்கள். ஆம், வாஷிங்டனில் தேசியச் சித்திரசாலையைக் கட்டப் பணமும் படங்களும் கொடுத்தார். 1941 மார்ச் 17ல் அதை நாட்டின் பேரால் ஏற்றுக்கொண்டு பேசியவர், வழக்குப் போட்ட அதே ரூஸ்வெல்ட். கன்னி மேரி இன்றும் அங்கேதான் இருக்கிறாள். சித்திரசாலையைக் காத்துப் பராமரிக்கும் செலவை வருஷா வருஷம் சர்க்கார் கஜானாவிலிருந்து கொடுக்கவேண்டும் என்பது அந்த அன்பளிப்போடு செய்துகொண்ட ஏற்பாடு.