இளநீரும் எஞ்சிய உலோகமும்

நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் திரும்புகிறவரிடம், டை ஊசி போட்டார்களா என்று விசாரித்து, போட்டார்கள் என்றதும் நாலு நாள் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடித்தால் உள்ளே போன உலோகமெல்லாம் கரைந்து வந்துவிடும் என்று உபதேசிக்காத உறவினர் அபூர்வம். அந்த உபதேசத்தில் அன்பு உண்டு. சாஸ்திர ஆதாரம் இல்லை.

அந்த உலோகம் கடோலினியம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமான அளவில் ஏறக்குறைய ஒரு கிராம் தேகத்துள் புகுகிறது. தனித்து நின்றால் விஷமாகிய அதனை வேறொரு சேர்மம் இறுகக் கவ்விக்கொண்டிருப்பதால், சிறுநீரகம் அப்படியே வடிகட்டி அனுப்பிவிடுகிறது. சிறுநீரகம் செவ்வையாக இருப்பவருக்கு ஒரே நாளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெளியேறுவது, இளநீரைத் தொடாதவருக்கும் பொதுவான காரியம். அந்தப் புகழை இளநீருக்குச் சூட்டுவது சிறுநீரகத்துக்கு இழைக்கும் அநீதி.

எஞ்சுகிற சொற்பப் பங்கின் கதையோ வேறு. கவ்விய பிடி தளர்ந்து எலும்பிலும் தோலிலும் மூளையிலும் படிந்து, மாதங்களாகவும் வருஷங்களாகவும் தங்கிவிடும் அந்த எச்சம், ரத்தத்தில் மிதந்துகொண்டிருந்தாலல்லவா ஜலத்தோடு போகும்? பலமுறை ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில், ஊசியின்றி எடுத்த படத்திலும் சில இடங்கள் வெளுத்துத் தெரிவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் எடுத்துக்காட்டினார்கள். வளைய அமைப்புள்ள மருந்துகளைவிட நேர்ச்சங்கிலி அமைப்புள்ளவை அதிகம் தங்குவதால், பின்னவற்றில் சிலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் நிறுத்திவைத்தது. எனினும் சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு இந்த எச்சத்தால் தீங்கு நேர்ந்ததென்று நிரூபணமாகவில்லை. ஆகையால் அலறுவதற்கும் நியாயமில்லை.

அஞ்சவேண்டியவர் சிறுநீரகம் தளர்ந்தவர். தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் கொடிய நோய்க்கும் இந்த ஊசிக்கும் உள்ள தொடர்பு 2006-இல் வெளிப்பட்டது அத்தகையவர்களிடத்தில்தான். விசித்திரம் என்னவென்றால், ஊரார் உபதேசம் மிகவும் கெடுதல் செய்வதும் அவர்களுக்கே: இளநீரில் பொட்டாசியம் மிகுதி, அதை வெளியேற்ற இயலாத சிறுநீரகமுள்ளவர் குடம் குடமாகக் குடித்தால் இருதயத் துடிப்பே தடுமாறும். கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பை ருசிக்காகக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உலோகத்தை இறக்கும் ஔஷதமென்று அதை விற்பவரோடுதான் எனக்கு வழக்கு.

பரிகாரம் ஊசிக்குப் பின் அல்ல, முன்னேயே இருக்கிறது: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்தாயிற்றா, இந்த ஊசி இல்லாமல் நோய் தெரியாதா, போடும் மருந்து எந்த வகை என்று கேட்டு, மருந்தின் பெயரையும் தேதியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது.