அறிவியல் அரங்கு: அளந்து வரைந்த படம்

மாந்தர் உயிரணுவில், பரம்பரைப் பண்புகளைத் தாங்கி நிற்கும் குரோமோசோம்கள் எத்தனை? 1923 முதல் முப்பதாண்டுகளுக்கு மேலாக 48 என்றே அறிஞர் உலகம் நம்பிற்று. பாடநூல்களும் அவ்வாறே ஓதின. சுவீடன் நாட்டு லுண்டு நகரில் ஜோ ஹின் சியோ, ஆல்பர்ட் லெவான் என்னும் இருவர், அவை ஒன்றன்மேல் ஒன்று படியாவண்ணம் விரித்துப் படமெடுத்து எண்ணினர்; 46 என 1956இல் அறிவித்தனர்.

இந்நாளில் அவற்றின் உருவைக் கணிப்பொறி கொண்டு வரையலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் தோற்றுவித்த 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. குரோமோசோமின் எண், சாயமேற்றத்தில் தோன்றும் ஒவ்வொரு பட்டையின் தொடக்கம், முடிவு, நிறம் ஆகியவற்றை அட்டவணையாக அளித்தால் போதும். உரிய துணைத்தொகுப்பின் உதவியால், நீளத்திற்கேற்ற கோல்களை வரைந்து, கரும்பட்டைகளையும் வெளிர்பட்டைகளையும் அவ்வவ்விடத்தில் தீட்டித் தரும்.

அப்படத்தில் ஒரு வியப்பு உண்டு. பால் குரோமோசோம்கள் நீங்கலாக ஏனையவற்றிற்குப் பெரியது முதலாக எண்ணிட்டனர். ஆகவே, 22ஆவதே மிகச் சிறியதாதல் வேண்டும். அளந்து வரைந்தாலோ, 21ஆவது அதனினும் குறுகி நிற்கிறது! 22ஆவதில் ஏறத்தாழ 5 கோடியே 8 லட்சம் கார இணைகள். 21ஆவதில் 4 கோடியே 67 லட்சமே.

ஏட்டில் உள்ளதெனக் கொள்ளாது, எண்ணியும் அளந்தும் தெளிவதே கல்வி. கல்லூரியில் பயிலும் நம் இல்லத்துச் செல்வங்கள் இப்படத்தைத் தம் கையாலேயே ஒருமுறை வரைந்து காண்பாராக.